பொம்மைக் கொட்டகை

அந்த நடிகரின் பெயர் இந்தக் கதைக்கு வேண்டாம். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரில் ஏறியிருப்பார். ரசிகர்கள் அவரை 'அண்ணன்' என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அண்ணனுக்காக அடித்துக்கொள்கிறவர்கள் கூடும் இடம் 'கொட்டகை' என்ற செயலி. படம் ஓடிய கொட்டகைகள் பாதிக்குமேல் கல்யாண மண்டபங்களாகிவிட்ட காலம் அது. விசில், பேப்பர் மழை, பாலாபிஷேகம் எல்லாம் போனுக்குள் குடிவந்திருந்தன. சாக்கடையும் கூடவே வந்திருந்தது.

சிந்துஜா அந்தச் சாக்கடையில் தூர் வாருகிறவள். கோவை சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, ரசிகர்கள் ஒருவரையொருவர் ஏசுவதைப் படித்து, வரம்பு மீறியதை நீக்க வேண்டும். அதற்கு முன்னால் வங்கியில் நல்ல வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு ஏன் இந்தக் கருமத்துக்குப் போனாய் என்று ஈரோட்டிலிருந்து அப்பா கேட்டபோது, வீட்டுக்குப் பக்கம் என்று சொல்லிவைத்தாள். உண்மையில் அவளுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டியிருந்தது. கொட்டகையில் அவன் பெயர் 'தீப்பந்தம்'. அவன் அழுவதைப் பார்க்கத்தான் வந்தாள்.

அவள் தங்கை மதுமிதா மெல்லிசைக் குழுவில் பாடுகிறவள். கல்யாண வரவேற்பு, கோயில் நோம்பி என்று வாரம் தவறாமல் மேடை உண்டு. அண்ணனின் ரசிகை வேறு. ஒருமுறை கொட்டகை நேரலையில் பாடிக்கொண்டிருந்தவளிடம் யாரோ புதுப்படம் எப்படி என்று கேட்க, "இடைவேளைக்கப்புறம் எனக்குத் தூக்கம் வந்துருச்சுங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். மறுநாள் தீப்பந்தம் அவள் குரலை, குரல்களை அச்சாக நகலெடுக்கும் ஒரு ஏஐ கருவியில் வார்த்தெடுத்து, காது கூசும் ஒரு பாட்டை அந்தக் குரலிலேயே பாட வைத்தான். 'அண்ணனைப் பழிச்ச வாய் இதைத்தான் பாடும்' என்று தலைப்புக் கொடுத்தான்.

தீப்பந்தம் கைகாட்டினால் கூட்டம் பாயும். பாய்ந்தது. மேடையில் அவள் மைக்கைப் பிடித்தாலே அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிப் பையன்கள் ஊளையிட்டார்கள். குழுக்காரர் 'கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா' என்றார். முதலில் பாட்டு நின்றது, அப்புறம் பேச்சும் நின்றது. உப்பு வேண்டுமென்றால் கையைக் காட்டுவாள். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். 'வாயைத் திறந்தா அந்தப் பாட்டு வந்துருமோன்னு இருக்கு' என்று போனில் தட்டி அக்காவிடம் காட்டினாள்.

சிந்துஜாவுக்குத் தங்கையின் குரல் திரும்ப வேண்டும். அதற்கு வழி தெரியவில்லை. பழி வாங்கத்தான் வழி தெரிந்தது.

அந்த வழியைக் காட்டியவள் ஃபர்சானா. உக்கடத்துக்காரி, கொட்டகையின் மென்பொருளில் பாதி அவள் எழுதியது. கேன்டீனில் இருவரும் ஒரே மேசை.

"இவனுங்களத் தடை பண்றது வேஸ்ட் சிந்து," என்றாள் ஃபர்சானா. "ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வேற பேர்ல வந்து நிப்பான். அதான் தடையே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். அவனுக்கே தெரியாம பக்கத்துக் கொட்டகைக்குத் தூக்கி வெச்சுருவோம்."

"பக்கத்துக் கொட்டகைன்னா?"

"இதே மாதிரி ஒண்ணு. அண்ணன் படம், பேனர், சண்டை, எல்லாம் இருக்கும். மனுசங்க மட்டும் இருக்க மாட்டாங்க, பூரா மிஷினு. நாங்க பொம்மைன்னு சொல்லுவோம். அவன் திட்டுவான், பொம்மைங்க வாங்கிக்கும். வெளிய ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழாது."

"பொம்மைங்க திருப்பித் திட்டுமா?"

ஃபர்சானா டம்ளரைக் கீழே வைத்தாள். "திட்டும். அதுக்குத் திரையில ஒரு நகர்த்தி இருக்கு. வலது பக்கம் தள்ளுனா பூமாலை, இடது பக்கம் தள்ளுனா செருப்பு மாலை. ஆனா நடுவுலதான் வெக்கணும், அதுதான் ரூல். யாரும் கண்டுக்கலேன்னா அவனே சலிச்சுப் போயிருவான்."

"ஆளத் தப்பா மாத்திட்டா?"

"கதவத் தொறந்து விடு, வெளிய வந்துருவான். உள்ள எழுதுனதுல எது எது வெளிய போகணும்னு நாமளே பொறுக்கிக்கலாம்." அவள் சிந்துஜாவின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. நமக்குத் தெரியறது ஐடி மட்டுந்தான். ஆளு யாருன்னு கம்பெனி நம்மகிட்டக் காட்டாது. இவனுங்க ஐடியத் தாம்பூலத் தட்டுல வெச்சுக் கை மாத்தறவனுங்க."

அது உண்மைதான். கொட்டகையில் அப்படியொரு வழக்கம் இருந்தது. கல்யாணம் நிச்சயமானாலோ, வெளிநாட்டு வேலை கிடைத்தாலோ, பெயர் பெற்ற ஐடியை நம்பிக்கையான தம்பி ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்குவார்கள். வெற்றிலை, பாக்கு, எலுமிச்சம்பழம் வைத்த தட்டைப் படமெடுத்து அனுப்பி, கூடவே கடவுச்சொல்லையும் அனுப்புவார்கள். 'தட்டு மாற்றுவது' என்று அதற்குப் பெயர். வெளியே மூச்சு விட மாட்டார்கள். கூட்டம் பெயரைத்தானே கும்பிடுகிறது, ஆள் யாராக இருந்தால் என்ன?

சிந்துஜாவும் இதையெல்லாம் அறிந்தவள்தான். ஆனால் வன்மம் ஏறிய மண்டைக்குள் புத்திமதி இறங்குவதில்லை. தீப்பந்தத்தின் மேல் புதிதாக ஒரு புகார் வந்ததும் அவனைப் பொம்மைக் கொட்டகைக்குத் தூக்கினாள். வெளியே அவன் சத்தம் நின்றது. அண்ணன் படம் ஓட வேண்டுமென்று தீப்பந்தம் மௌன விரதம் இருக்கிறார் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள்.

நகர்த்தியை அவள் நடுவில் வைக்கவில்லை. வலது பக்கம் தள்ளினாள். முதலில் தோளில் தூக்கிக் கொண்டாட வேண்டும், உயரத்துக்குப் போன பிறகு கீழே போட வேண்டும். விழுகிற வலி அப்போதுதான் எலும்பு வரைக்கும் போகும்.

பொம்மைகள் கொண்டாடின. தீப்பந்தம் எதை எழுதினாலும் 'தலைவா' என்று விழுந்தன. ஆரம்பத்தில் அவன் கொஞ்சம் தயங்கித் தயங்கி எழுதினான், புதுச்செருப்புக் கடிக்கிறவன் நடப்பதுபோல. பிறகு வேகம் வந்தது. ஒருநாள், 'நீங்க எல்லாரும் என் கூட இருக்கீங்கன்னு நினைச்சா நெஞ்சு நிறையுது' என்று எழுதினான். சிந்துஜா அதைப் படித்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். நிறையட்டும் மகனே, நிறைந்தால்தானே கொட்ட முடியும் என்று மனதுக்குள் சொன்னாள்.

அந்த நாட்களில் வீட்டில் ஒரு நல்லது நடந்தது. கணபதி பகுதியில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டின் குளியலறையிலிருந்து ஒரு காலையில் முனகல்போல் ஒரு ராகம் கேட்டது. சிந்துஜா கையில் கரண்டியோடு கதவருகே போய் நின்றாள். அவளைப் பார்த்ததும் மதுமிதா நிறுத்திவிட்டாள். ஆனால் அடுத்த நாளும் முனகினாள். சாம்பார் இன்னொரு கரண்டி கேட்டாள், கையைக் காட்டித்தான், ஆனால் கேட்டாள். போனைப் பார்த்துத் தானாகச் சிரித்தாள். சிந்துஜா கோனியம்மனுக்கு வேண்டிக்கொண்டது பலித்துவிட்டதாக நினைத்தாள்.

பிறகு தீப்பந்தம் தன் வேலையைக் காட்டினான். கிருபாகரன் என்ற ஒருவனின் படத்தையும், அவன் வேலை செய்யும் பொள்ளாச்சி வாகனக் கடையின் பெயரையும் போட்டான். கூடவே ஒரு குரல் பதிவு. அதில் கிருபாகரன் அண்ணனைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். கருவியில் வார்த்த குரல் என்று சிந்துஜாவுக்குக் கேட்டதும் தெரிந்துவிட்டது. 'இவனை விடாதீங்க. வெளியே தலைகாட்ட முடியாமப் பண்ணணும். வாயைத் திறந்தாலே இவனுக்கு அழுகை வரணும்' என்று கீழே எழுதியிருந்தான். பொம்மைகள் 'செஞ்சுட்டோம் தலைவா' என்று அளந்தன.

அதே கருவி, அதே தந்திரம். தங்கைக்குச் செய்ததையே இன்னொருவனுக்கும் செய்கிறான். பொம்மைக் கொட்டகையில் குறி வைக்கப்பட்டவருக்கு வேறு வழியில் தொல்லை வருகிறதா என்று விசாரிக்க வேண்டும் என்பது விதி. சிந்துஜா கடை நம்பரைத் தேடிப்பிடித்து, கொட்டகையிலிருந்து என்று சொல்லிக் கிருபாகரனைப் போனில் கூப்பிட்டாள்.

"அப்படி ஒண்ணும் வரலைங்களே மேடம்," என்றான் அவன். குரலில் அவ்வளவு பணிவு. "எதுனா பிரச்சினைங்களா?"

"ஒருத்தன் உங்க மேல கண்ணு வெச்சிருக்கான். பயப்படாதீங்க. அவன் எழுதுறது எதுவும் வெளிய வராது. நான் பார்த்துக்கறேன்."

"ரொம்ப சந்தோசமுங்க. அடுத்த மாசம் கல்யாணம் வெச்சிருக்கறனுங்க. இந்த நேரத்துல பேரு கெட்டுதுன்னா பொண்ணு வீட்டுல என்ன நெனைப்பாங்க, சொல்லுங்." கொஞ்சம் சிரித்தான். "நானும் ஒரு காலத்துல கொட்டகையில ஆடுனவந்தானுங்க மேடம். இப்ப எல்லாத்தையும் உட்டாச்சு. நிச்சயம் ஆனதும் தட்டையும் மாத்திக் குடுத்துட்டேன்."

எந்த ஐடி என்று அவள் கேட்டிருக்கலாம். அவளுக்கு அந்த ஆளின் பேரில் இரக்கம் வந்திருந்தது, தீப்பந்தத்தின் பேரில் வெறி வந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று.

"கல்யாணத்துக்குக் கண்டிப்பா வாங்க மேடம். எங்க பக்கம் சாப்பாடு நல்லா இருக்கும்," என்று சொல்லி அவன் வைத்தான்.

சிந்துஜா நகர்த்தியை இடது பக்கம் இழுத்தாள்.

அன்றிலிருந்து அவள் உயிரோடிருந்ததே அந்தத் திரையைப் பார்க்கத்தான். தங்கைக்கு வந்த வசவுகளை ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றைப் பொம்மைகளின் வாயில் ஊட்டினாள். 'தொண்டையில தகரம் கட்டியிருக்கா' என்று அன்று ஒருவன் எழுதியது, இன்று 'மண்டையில தகரம் கட்டியிருக்கான்' என்று தீப்பந்தத்தின் மேல் விழுந்தது. நேற்றுவரை தலைவா என்ற வாய்களெல்லாம் காறித் துப்பின. அவன் என்ன ஆச்சு என்று கேட்டான். பொம்மைகள் சிரித்தன. நான் என்ன தப்புப் பண்ணேன் என்றான். அதற்கும் சிரித்தன. ஒவ்வொரு சிரிப்புக்கும் சிந்துஜாவுக்கு வயிறு குளிர்ந்தது. பசித்தவளுக்குச் சோறு போட்டதுபோல் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். யாரிடமும் சொல்லத்தான் முடியாது.

வீட்டில் மதுமிதாவின் முனகல் நின்றுவிட்டிருந்தது. தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்த சிந்துஜா, இல்லையென்றதும் கைகழுவப் போனாள். அவள் கவனம் திரையிலேயே இருந்தது.

தீப்பந்தம் கடைசியில் உடைந்தான். 'நான் அந்தப் பழைய தீப்பந்தம் இல்லை. இந்த ஐடி என் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அவன் யாரோட பாட்டைக் கெடுத்தானோ, அந்தப் பொண்ணுதான் நான். என்னை விட்டுடுங்க' என்று எழுதினான்.

சிந்துஜா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அடப் பாவி, தப்பிக்கிறதுக்கு என் தங்கச்சி பேரையா எடுக்கிற? ஒரு பொம்மையின் பெயருக்குப் பின்னால் அவளே இறங்கினாள்.

'அந்தப் பொண்ணுன்னா பாடிக் காட்டு' என்று தட்டினாள்.

அன்று பதில் வரவில்லை. மறுநாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு குரல் பதிவு வந்து கிடந்தது. சிந்துஜா சத்தத்தைக் குறைத்துக் கேட்டாள். மதுமிதாவின் குரல். துருப்பிடித்துப்போய், நடுங்கி நடுங்கி, அவர்கள் அம்மா பாடும் பழைய தாலாட்டு ஒன்றின் முதல் இரண்டு வரிகள். பின்னால் ஏதோ இரைச்சல்.

குரல் அவளை ஏமாற்றவில்லை. காலம்தான் ஏமாற்றியது. யார் குரலையும் யாரும் வார்த்துக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, சொந்தத் தங்கையின் குரல்கூட சாட்சி இல்லை. திருடிய குரலை மறுபடியும் எடுத்து வந்துவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். நகர்த்தியை இடது ஓரத்தில் முட்டும்வரை தள்ளினாள். பொம்மைகள் கொத்துக் கொத்தாகப் பாய்வதைப் பார்த்தாள். 'போய்ச் செத்துப்போ' என்று ஒன்று எழுதியது. தங்கைக்கும் அப்படி ஒருவன் எழுதியிருந்தான்.

அப்புறம், மேலிடத்துக்குச் சாட்சியாகக் காட்டலாம் என்று, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவை மறுபடி ஓட விட்டாள். இரைச்சல் மிக்சி ஓடுகிற சத்தம். பாட்டின் இரண்டாவது வரி முடிகிற இடத்தில் மிக்சி நின்றது. பாடுகிறவள் சட்டென்று மூச்சைப் பிடித்தாள். தூரத்திலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, இன்னொரு பெண் குரல் கேட்டது.

"மது, தோசை ஆறுது பாரு. வா கண்ணு."

அது அவள் குரல். அன்று காலையில் சட்னி அரைத்து முடித்ததும் அவள் கூப்பிட்டது.

வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வீடு வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. மதுமிதா தன் அறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். போன் தரையில் கவிழ்ந்து கிடந்தது, இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. சிந்துஜா அதை எடுத்து அணைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"தீப்பந்தம் நீயா?"

மதுமிதா தலையசைத்தாள்.

"எப்படி? எதுக்கு?"

தங்கை போனுக்குக் கை நீட்டினாள். சிந்துஜா கொடுக்கவில்லை. "வாயால சொல்லு கண்ணு. எனக்குத் தெரியோணும்."

மதுமிதா வாயைத் திறந்து மூடினாள். பிறகு, காற்று மாதிரி, ஒரு குரல் வந்தது. "பையன் பேர்ல உள்ள போனேன். அவன் சொன்னதெல்லாம் செஞ்சேன். ரெண்டு புள்ளைங்கள நானும் திட்டுனேன்க்கா. அப்பத்தான நம்புவான். கல்யாணம் நிச்சயமானதும் எனக்குத்தான் தட்டு மாத்துனான்." எச்சில் விழுங்கினாள். "கூட்டம் அந்தப் பேருக்குத்தான் கட்டுப்படும். அதே கூட்டத்த அவன் மேல ஏவி விடணும்னு."

"கிருபாகரன்," என்றாள் சிந்துஜா.

"அவன்தான். தம்பின்னு நம்பி பேரு, கடையெல்லாம் வாய்ஸ் மெசேஜ்ல சொல்லியிருந்தான், அவன் குரல் எங்கிட்ட இருந்துச்சு. எனக்குச் செஞ்சதையே செஞ்சேன். எல்லாரும் அவனக் கிழிச்சாங்கக்கா. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. அதுக்கு முந்தியே, கூட்டம் எம்பக்கம்னு தெரிஞ்சப்பவே, பாட்டுக்கூட வந்துருச்சு." முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அப்புறம் என்னாச்சுன்னே தெரியல. எல்லாரும் எம்மேலயே திரும்பிட்டாங்க."

சிந்துஜா சொல்லிவிட்டாள். பக்கத்துக் கொட்டகை, அதன் கதவு, பொம்மைகள், நகர்த்தி, அதை வலதுக்கும் இடதுக்கும் தள்ளிய கை யாருடையது என்பது வரை, ஒன்றும் மறைக்கவில்லை. பாதியில் அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னாள். "ஒருத்தரும் உன்னத் திட்டல கண்ணு. எல்லாம் மிஷினு. மனுசங்க ஒருத்தர்கூட இல்ல. நான்தான் பாவி."

அக்கா தன்னைத் திட்டப்போகிறாள், அடிக்கப்போகிறாள் என்று எதிர்பார்த்தவள்போல் மதுமிதா அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். இப்போது கைகளைப் பிரித்தாள்.

"மொதல்ல தலைவான்னு சொன்னவங்க?"

"அவங்களும் பொம்மைதான்."

மதுமிதா ஏதோ கணக்குப் போடுகிறவள்போல் சுவரைப் பார்த்தாள். அவள் அடுத்துக் கேட்டபோது குரலில் நடுக்கம் இல்லை. மேடையில் மைக் சரிபார்க்கும்போது பேசுவாளே, அந்தக் குரல்.

"அப்ப அவனுக்கு ஒண்ணுமே ஆகலையா?"

பணிவான அந்தக் குரலும், எங்க பக்கம் சாப்பாடு நல்லா இருக்கும் என்றதும் சிந்துஜாவின் காதில் ஓடின. நான் பார்த்துக்கறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்தது அவள்தான்.

"ஒண்ணும் ஆகல," என்றாள். "அடுத்த மாசம் கல்யாணம். என்னைக் கூப்பிட்டிருக்கான்."

"கதவத் தொறந்தா நான் அவனப் பத்தி எழுதுனது வெளிய போகுமாக்கா?"

"போகும்."

"எது போகணும்னு பொறுக்கிக்கலாமா?"

"பொறுக்கிக்கலாம்."

மதுமிதா எழுந்து போய் அக்காவின் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்து அவள் மடியில் வைத்தாள். குழந்தைக்குச் சாதத்தட்டு வைக்கிற மாதிரி பதனமாக வைத்தாள்.

இத்தனை காலம் எந்தக் குரல் திரும்ப வேண்டுமென்று சாமியையும் டாக்டரையும் சுற்றினாளோ, அந்தக் குரல் திரும்பிவிட்டது. எதைக் கேட்கிறது என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. திறந்தால் இனிமேல் தனக்கும் தீப்பந்தத்துக்கும் வித்தியாசம் இல்லை என்பதும் தெரிந்தது. ஃபர்சானாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் வேண்டாம் என்பாள்.

"தொறந்தா மறுபடி பாடுவியா?" என்றாள்.

தங்கை சிரித்தாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு பல் தெரியச் சிரித்தாள்.

"பாடறேன். கல்யாணம்னு ஒண்ணு நடந்துச்சுன்னா அவன் மேடையிலயே வந்து பாடறேன்."

சிந்துஜா திரையைத் தன் பக்கம் திருப்பிக் கடவுச்சொல்லைத் தட்ட ஆரம்பித்தாள். மதுமிதா அவள் தோளில் சாய்ந்துகொண்டு, அம்மாவின் தாலாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.